பன்னிரண்டாவது பேச்சுவார்த்தை

கடை ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தேன். அதற்குள் செல்லமுத்து அண்ணன் பஸ்ஸை நடுரோட்டில் நிறுத்திவிட்டு, என்ஜினைக்கூட அணைக்காமல் இறங்கி வந்துவிட்டார். உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் ஏதோ திட்டினார். அண்ணன் அதையெல்லாம் காதில் வாங்குகிற ஆள் இல்லை.

"ஏம்மா பானு, இன்னிக்காச்சும் முடிச்சுப்போடுவாங்களா?"

"எனக்கென்னங்கண்ணா தெரியும்? நானா பேசறேன்?"

"உன்ர கடையிலதான பேசறாங்க. இன்னியோட பன்னெண்டு தடவ. கல்யாணப் பேச்சுகூட இத்தன நாள் இழுக்காது. நவம்பர்ல ஆரம்பிக்க வேண்டிய லீக்கு, இப்ப மொளகே பறிச்சு முடியப் போவுது. லீவெல்லாம் சேத்து வெச்சிருக்கறேன், தெரியுமில்ல?"

"என்ர கடையிலதான். என்ர வாயில இல்லீங்க."

அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார். அவர் பஸ் திருப்பத்தில் மறைவதற்குள் போனில் குரூப் கத்த ஆரம்பித்துவிட்டது. 'கொங்கு ராணிகள் – கொல்லிமலைப் படை.' ரசிகர்கள் முந்நூற்று நாற்பது பேர். அட்மின் நான். மலை முழுக்க, குச்சிக்கிழங்கு லாரி ஓட்டுகிறவர்களில் இருந்து ரேஷன் கடைக்காரர் வரை, எல்லோரும் பச்சை ஜெர்சி வாங்கி மடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அணி முதலாளிகளைத் திட்டிக் களைத்துப்போய் இப்போது ஆடுகிறவர்களைத் திட்டத் தொடங்கியிருந்தார்கள். 'எல்லாத்துக்கும் ஒத்துக்கிட்டாங்களாம். ஒரே ஒரு கண்டிஷனாம். அத வுட்டுத் தொலைச்சா என்ன?' என்று ஒருவர் போட்டிருந்தார். அதற்கு எழுபது பேர் கைதட்டியிருந்தார்கள். நானும் தட்டினேன்.

அந்த ஒரே ஒரு கண்டிஷனைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவள் எடப்புளி நாட்டுப் பூங்குழலி. எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு. பெண்கள் கால்பந்து லீக்கில் எட்டு அணிகள். ஒப்பந்தம் படியாமல் முதலாளிகள் ஒரு பக்கம், விளையாடும் பெண்கள் ஒரு பக்கம். பெண்களின் சார்பில் பேச ஐந்து பேர், அதில் இவள் ஒருத்தி. ஆட்டம் இல்லாததால் ஊருக்கு வந்து அப்பனோடு மிளகு பறித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ஊரில் போனில் ஒரு கோடுகூடத் தெரியாது. வாழவந்தி நாட்டில், இந்தத் திருப்பத்தில், என் செராக்ஸ் கடையில்தான் அறுந்துபோகாத இன்டர்நெட். அதனால் பேச்சுவார்த்தை நடக்கும் நாளெல்லாம் அவள் ஸ்கூட்டியில் வந்து, செராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

மறைப்பானேன், எனக்கு அவள்மேல் வயிற்றெரிச்சல். ஆறு வருஷமாக. கொங்கு ராணிகளின் லெஃப்ட் பேக் நான். ஒரே ஒரு சீசன், அதிலும் ஏழு மேட்ச். ஏழாவது மேட்சில் பந்தைத் தடுக்கத் திரும்பியபோது வலது முட்டியில் ஜவ்வு கிழிந்தது. சத்தம் எனக்கே கேட்டது. ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு பார்த்தேன், பெஞ்சில் இருந்து பூங்குழலி எழுந்து, மேல்சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். அன்றைக்கு ஓடியவள்தான், இன்னும் வெளியே வரவில்லை. எனக்கு ஒரு பொன்னாடையும் நாமக்கல் வரைக்கும் பஸ் டிக்கெட்டும் கொடுத்தார்கள். அவள் டிவியில் பந்தை எடுத்தால் முதலில் கத்துகிறவள் நான்தான். கத்தி முடித்ததும், அது என்னுடைய இடமல்லவா என்று தோன்றும். உடனே குழந்தையைத் திட்டுவேன், இல்லையென்றால் வீட்டுக்காரர் காளியண்ணனைத் திட்டுவேன். 'மேட்ச் வெச்சாலே ஊட்ல சண்டதான்' என்பார் அவர்.

பன்னிரண்டாவது பேச்சுவார்த்தை அன்றைக்குப் பூங்குழலி பத்து மணிக்கு வந்தாள். விரலெல்லாம் மிளகுக்கறை. "நெட்டு வருதா புள்ள?" என்று கேட்டுவிட்டு நேராகப் பின்பக்கம் போனாள். நான் ஆதார் கார்டு நகல் எடுப்பதுபோல் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். போன் திரையில் கட்டம் கட்டமாக முகங்கள். முதலாளிகள் பக்கம் கோட்டுப் போட்ட மூன்று பேர். இந்தப் பக்கம் சென்னையில் இருந்து வனிதா அக்கா, ஆடுகிறவர்கள் சங்கத்தின் செயலாளர், அவரோடு மூன்று பெண்கள். கோட்டுப் போட்டவர்கள் பூங்குழலியை 'மேடம்' என்று கூப்பிட்டார்கள். என்னோடு பள்ளிக்கூட சத்துணவுக் கூடத்தில் ஒரே தட்டில் முட்டைக்கு அடித்துக்கொண்டவள், மேடம்.

அந்த ஒரே கண்டிஷன் இதுதான்: ஆடும்போது அடிபட்டால் ஆபரேஷனை அணி பார்க்க வேண்டும், சீசன் முடியும்வரை சம்பளம் தர வேண்டும், குணமானதும் இடத்தைத் திருப்பித் தர வேண்டும். அந்தப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் பூங்குழலி ஒன்றைத்தான் சொல்வாள்.

"எங்கூர்ல பானுமதின்னு ஒரு புள்ள இருக்குதுங்க. என்னைய விட நல்லா ஆடும். ஏழாவது மேட்ச்ல முட்டி போச்சு. இன்னிக்கு வரைக்கும் குத்தவெச்சு உக்கார முடியாதுங்க அதுக்கு."

பன்னிரண்டு தடவையும் சொல்லிவிட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. என் இடம் போனது போதாதென்று இப்போது என் முட்டியையும் அவளே எடுத்து வைத்துக்கொண்டு நியாயம் பேசுகிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். 'என்னைய விட நல்லா ஆடும்' என்பதைக் கேட்கிறபோது அதைவிட எரியும். அதைச் சொல்ல அவளுக்கு என்ன செலவு?

மணி பன்னிரண்டு, ஒன்று, இரண்டு என்று ஓடியது. கோட்டுப் போட்டவர்கள் தண்ணீர் குடித்தார்கள், போன் பேசப் போனார்கள், வந்தார்கள். பூங்குழலி அசையவில்லை. நான் நீட்டிய சோற்றுப் பொட்டலத்தைக்கூட வேண்டாம் என்று கையை ஆட்டினாள். எனக்கு அது ஏன் என்று தெரியும். எங்கள் மலையில், நாட்டுக் கூட்டத்தில் வழக்கு என்று உட்கார்ந்தால் முடியும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. எந்தப் பக்கத்துக்காரன் முதலில் எழுந்திருக்கிறானோ அவன் தன் வழக்கை விட்டுவிட்டான் என்று அர்த்தம். யாரும் தீர்ப்புகூடச் சொல்ல வேண்டியதில்லை. அவளுடைய அப்பா எல்லைத் தகராறு ஒன்றில் ஒரு பகல், ஒரு ராத்திரி உட்கார்ந்து ஜெயித்தவர். அந்த ரத்தம் இவளுக்கு.

மூன்றரை மணிக்கு கோட்டுப் போட்டவர்களில் நடுவில் இருந்தவர் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். குரலில் சலிப்பு தெரிந்தது. அவருடைய கட்டம் காணாமல் போயிற்று. அடுத்தவர் போனார். மூன்றாமவரும் போனார். வனிதா அக்கா வாய் திறப்பதற்குள் அவருடைய படமும் உறைந்து நின்று, கூட்டம் கலைந்துவிட்டது.

பூங்குழலி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எந்திரிச்சுட்டாங்க புள்ள."

"மூணு பேருமா?"

"மூணு பேரும். நான் எந்திரிக்கல. நீ பாத்தில்ல?"

"பாத்தன். அப்ப..."

"அப்பென்ன, வுட்டுட்டாங்க! முடிஞ்சுது!" சிரித்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். "இரு, இரு. எதுக்கும் சாயங்காலமா வனிதாக்காகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கறேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு வுட்றாத. அப்பன்கிட்ட மட்டும் போயிச் சொல்லிட்டு வாரேன்."

ஸ்கூட்டி சத்தம் தேய்ந்து மறைந்தது. நான் கடையில் தனியாக நின்றேன். எனக்கும் முடிந்துவிட்டது என்றுதான் தோன்றியது. பிறந்ததில் இருந்து பார்த்த வழக்கம், வேறு மாதிரி நினைக்க மனசு போகவில்லை. ஆனால் சும்மா இருந்திருக்கலாம். இரண்டு மணி நேரம் பொறுத்திருந்தால் போதும். சாயங்காலம் அவள் வந்து சொல்வாள், மலையே அவளைத் தோளில் தூக்கும், செல்லமுத்து அண்ணன் பஸ்ஸுக்கு மாலை போடுவார், நான் கூட்டத்துக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு நின்று கைதட்டுவேன். இதெல்லாம் கண்முன்னால் வரிசையாக வந்தது. முட்டி என்னுடையது, கடை என்னுடையது, நெட்டு என்னுடையது. இந்தச் செய்தியாவது என் கையால் போகட்டுமே என்று குரூப்பைத் திறந்தேன்.

'மலையில் இருந்து உறுதியான செய்தி. முதலாளிகள் ஒத்துக்கொண்டார்கள். ஆட்டக்காரிகள் ஜெயித்துவிட்டார்கள். லீக் ஆரம்பம்!!!'

பத்து நிமிஷத்தில் பக்கத்து ஊர் செம்மேட்டில் வெடிச் சத்தம் கேட்டது. 'பானுக்கா வாழ்க' என்று நாற்பது பேர் போட்டார்கள். ஒவ்வொன்றாகப் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். அந்த அரை மணி நேரம் எவ்வளவு நன்றாக இருந்தது என்று நான் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும்.

செய்தி மலையை விட்டு இறங்கி, வேறு ஊர் ரசிகர்கள் கைக்குப் போய், சென்னைக்குப் போயிற்று. ஆறு மணிக்கு முதலாளிகளின் அறிக்கை வந்தது. எந்த ஒப்பந்தமும் ஆகவில்லை. அன்றைய கூட்டத்தை ஒத்திவைத்தோம், அவ்வளவுதான். பேச்சு நடக்கும்போதே பொய்ச் செய்தி பரப்பியவர்களோடு இனி ஒரு மாதத்துக்குப் பேச்சு இல்லை.

பிறகு குரூப்பில் வந்ததை எழுதக் கை கூசுகிறது. செய்தி போட்டது நான் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. 'பானுக்கா என்ன பண்ணுவாங்க பாவம், அவ சொன்னதத்தான் போட்டாங்க' என்றார்கள். அவள், அவள், அவள். பேராசைக்காரி, பொய்க்காரி, நாலு காசு பார்த்ததும் தலைக்கனம். செல்லமுத்து அண்ணன்கூட, 'அந்தப் புள்ள ஒருத்தியால நம்ம சீசனே போச்சு' என்று வாய்ஸ் அனுப்பினார். 'அவள் சொல்லவில்லை, நான்தான் அவசரப்பட்டேன்' என்று டைப் செய்தேன். மூன்று தடவை செய்து மூன்று தடவையும் அழித்தேன். குழந்தை சாப்பாடு கேட்டது. போனை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை அவள் வந்தாள். திட்டுவாள், நானும் பதிலுக்குத் திட்டிக் கணக்கைத் தீர்த்துக்கொள்ளலாம் என்று தயாராக இருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். கண் வீங்கியிருந்தது.

"நெட்டு வருதா?"

"வருது."

"வனிதாக்கா கூப்புட்டிருக்காங்க. நாங்க அஞ்சு பேரு மட்டுந்தான். மொதலாளிங்க யாருமில்ல."

அவ்வளவுதான். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நான் செராக்ஸ் மெஷினைத் துடைக்க ஆரம்பித்தேன். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

வனிதா அக்கா சுற்றி வளைக்கவில்லை. "கொல்லிமலையில இருந்துதான் வந்திருக்கு. யார் போட்டது பூங்குழலி?"

"நாந்தானுங்க்கா."

என் கையில் இருந்த துணி நின்றது.

"நீயா?"

"ஆமாங்க்கா. எங்கூரு வழக்கத்துல முன்னாடி எந்திரிச்சவங்க தோத்தாங்க. அத வெச்சு முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சுட்டேன். சொல்லிட்டேன். வேற யாரு மேலயும் தப்பில்லீங்க."

அந்தப் பக்கம் ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். பிறகு வனிதா அக்கா, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அப்போ நீ கமிட்டியில இருந்து விலகிடணும்மா. வேற வழி தெரியல. மத்த மூணு பேரும் அந்த ஷரத்தை விட்டுட்டு கையெழுத்துப் போட்டுடலாம்னு சொல்றாங்க. ரசிகர்களும் அதைத்தான் கேக்கறாங்க. நீ ஒருத்திதான் புடிச்சிட்டு இருந்த" என்றார்.

"சரிங்க்கா," என்றாள் பூங்குழலி.

எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், பொறாமைதான் வந்தது. இடத்தை எடுத்தாள், முட்டியை எடுத்தாள், இப்போது நான் செய்த தப்பையும் எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு நல்லவளாக உட்கார்ந்திருக்கிறாள். எனக்கென்று ஒன்றையாவது மிச்சம் வைப்பாளா இவள்? வெட்கம் அதற்குப் பின்னால், மெதுவாக வந்தது. அந்தக் கண்டிஷனை விட்டுவிட்டால் அடுத்த மாதம் லீக் ஆரம்பித்துவிடும். பச்சை ஜெர்சி போட்டுக்கொண்டு கத்தலாம். ஏழாவது மேட்சில் எவளாவது ஒருத்தி திரும்புவாள், அவளுக்கும் ஒரு பொன்னாடை கொடுப்பார்கள்.

கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலை இழுத்தேன். பூங்குழலி திரும்பிப் பார்த்தாள். திரைக்குக் கீழே என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"வுடு புள்ள," என்றேன்.

முட்டியைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு அவளை இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். சின்னக் கட்டத்தில் என் முகம் தெரிந்தது. தலை வாரவில்லை. நெற்றியில் செராக்ஸ் மை. நான் உட்கார்ந்ததில் பூங்குழலி பாதி வெளியே போய்விட்டாள், அவளுடைய ஒரு காதும் தோளும்தான் தெரிந்தன. கொஞ்சம் நகர்ந்து உட்கார வேண்டும் என்று தோன்றியது. நகரவில்லை.

"யாரும்மா நீங்க?" என்றார் வனிதா அக்கா.

பன்னிரண்டு தடவை என்னைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். ஒருவருக்கும் என் முகம் தெரியவில்லை.

"பானுமதிங்க," என்றேன்.

நான்கு முகங்களும் ஒரே நேரத்தில் திரைக்குக் கிட்டே வந்தன.