கதவுக்குக் கொடுத்த கட்டை

துவைத்து மடித்த சட்டைகளை மார்போடு அணைத்துக்கொண்டு படியேறி வந்தவள், நடைக்கூடத்தின் நடுவிலேயே நின்றுவிட்டாள். மாமனாரின் அறைக் கதவுக்கடியில் இருக்க வேண்டிய முக்கோண மரக்கட்டை வெளியே சுவரோரமாகக் கிடந்தது. கதவு சாத்தியிருந்தது.

சாத்தியிருக்கக் கூடாது. அந்த முதியோர் இல்லத்தில் அப்படி ஒரு விதி இருந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரைப் பற்றிப் போலீஸ் விசாரணையும், முன்பு வேலை பார்த்த இடத்தின் பதிலும் வந்து சேரும்வரை, அவர் எந்த அறையில் இருந்தாலும் கதவு திறந்தே இருக்க வேண்டும். போகிறவர் வருகிறவர் கண்ணில் படவேண்டும். அந்த விதிக்காக மேனேஜர் மேசையைத் தட்டிச் சண்டை போட்டவளே இவள்தான்.

தள்ளித் திறந்தாள். கட்டிலோரம் நாற்காலியில், இல்லத்தில் எல்லோரும் 'புதுசு' என்று கூப்பிடும் பணிப்பெண் உட்கார்ந்திருந்தாள். மாமனாரின் வலது கை அவளுடைய இரண்டு கைகளுக்கு நடுவில் இருந்தது. இவளைப் பார்த்ததும் அவள் எழுந்திருக்கவில்லை. அதுவே விஷயத்தைச் சொல்லிவிட்டது. குடும்பத்தார் வந்தால் அங்கே எல்லோரும் விருட்டென்று எழுந்து நிற்பார்கள். இவளைக் கண்டால் இன்னும் ஒரு மடங்கு விருட்டென்று.

"போயிட்டாருக்கா," என்றாள் புதுசு. "இப்பதான். மணி அடிச்சேன், யாரும் வரல. கையை விட்டுட்டுப் போக மனசு வரல."

இவள் சட்டைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் அறையைச் சுற்றிப் பார்த்தாள். அலமாரியைத் திறந்து, ஒவ்வொன்றாக அடுக்கி, அலமாரியை மூடினாள். இனி அவற்றைப் போட்டுக்கொள்ள ஆள் இல்லை என்பது மூடிய பிறகுதான் உறைத்தது. திரும்பி மாமனாரின் முகத்தைப் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. அழுகை வரும் என்று காத்திருந்தாள். வந்தது ஒரு கேள்வி.

"கதவை ஏம்மா சாத்துன?"

புதுசு தலையைக் குனிந்துகொண்டாள்.

மாமனார் வாழ்நாளெல்லாம் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். மனைவி பெயர், மகன் வேலை, தன் வயது என்று ஞாபகம் ஒவ்வொரு நிறுத்தமாக இறங்கிப் போனபிறகும் பேருந்து மட்டும் அவரை விட்டு இறங்கவில்லை. இந்த அறையைப் பேருந்தாக்கி, கட்டிலை அதன் பின்சீட்டாக்கி ஓட்டிக்கொண்டிருந்தார். மருமகள் அறைக்குள் நுழைந்தால், "செக்கிங் வருது, எல்லாரும் டிக்கெட்டைக் கையில வச்சுக்கங்க," என்பார். கேலியா நிஜமா என்று அவளுக்குத் தெரிந்ததே இல்லை. இல்லத்தில் எல்லோரும் அவள் முதுகுக்குப் பின்னால் அவளை 'செக்கிங் அம்மா' என்றுதான் சொன்னார்கள். அதுவும் அவளுக்குத் தெரியும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அவள் பிழைப்பே அதுதான். பெரிய துணிக்கடை ஒன்றில் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தாள். முன்பு வேலை பார்த்த இடத்துக்குப் போன் போட்டு, "திரும்பி வந்தா சேர்த்துக்குவீங்களா?" என்று கேட்பாள். பதிலைவிட, பதிலுக்கு முன்னால் வருகிற மௌனத்தைத்தான் கவனிப்பாள். அப்படிப்பட்டவள் தன் மாமனாரைச் சேர்த்த இடத்தில் கோட்டைவிட்டாள். வேறொருத்தியின் அனுபவச் சான்றிதழைக் காட்டி ஒரு பெண் அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தாள். படுத்திருப்பவரைப் புரட்டத் தெரியாமல் கையைப் பிடித்து இழுத்ததில் மாமனாரின் வலது தோள் இறங்கிவிட்டது. தோள்மூட்டை மறுபடி பொருத்திவிட்டார்கள். ஆனால் கை பழையபடி எழவில்லை. அன்றைக்கு இவள் போட்ட சத்தத்தில் பிறந்ததுதான் கதவு விதி.

அதற்கப்புறம் வந்தவள்தான் புதுசு. வந்து மாதங்கள் ஆகியும் பெயர் புதுசாகவே நின்றுவிட்டது. போலீஸ் விசாரணை சுத்தமாக வந்துவிட்டது. முன்பு வேலை பார்த்த இல்லத்தின் பதில் மட்டும் வரவில்லை. அந்த இல்லத்தை மூடிவிட்டார்களாம். இவளே பொறுக்க முடியாமல் ஒருநாள் அந்த எண்ணுக்கு அடித்துப் பார்த்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூடிய கட்டடத்தில் யார் எடுப்பார்கள்? அதனால் புதுசு போகுமிடமெல்லாம் கட்டையையும் தூக்கிக்கொண்டு அலைந்தாள்.

மாமனாருக்கு அந்தக் கட்டையைக் கண்டாலே ஆகாது. மேட்டில் நிறுத்திய பேருந்து உருளாமல் இருக்கச் சக்கரத்தடியில் கட்டை கொடுப்பது கண்டக்டர் வேலை. எடுப்பதும் அவர் வேலைதான். கட்டையை எடுத்து, கதவைச் சாத்தி, தகரத்தில் இரண்டு தட்டு தட்டினால்தான் டிரைவர் வண்டியை எடுப்பார். "கட்டையை எடுங்கப்பா. கதவைச் சாத்துங்க. வண்டி எப்படிக் கிளம்பும்?" என்று பொழுதுக்கும் தவிப்பார். "இன்னும் ஆள் ஏறணும் மாமா, கொஞ்சம் பொறுங்க," என்று இவளும் சமாளித்துவைப்பாள். அப்போதெல்லாம் அது சிரிப்பாகத்தான் இருந்தது.

"எப்பவும்தானே சாத்தச் சொல்லுவாரு," என்றாள் இவள் இப்போது. "இன்னிக்கு மட்டும் என்ன?"

"எப்பவும் சொல்லுவாரு, நானும் சரி சரின்னு சும்மா இருப்பேன்," என்றாள் புதுசு. "இன்னிக்குக் காலையிலேர்ந்து பேச்சு இல்லக்கா. மூச்சு மட்டும் கர்ருகர்ருனு இழுக்குது. கண்ணு மட்டும் கட்டையைவிட்டு நகரல. பயங்கரத் தவிப்பு. நர்சம்மா வந்து பார்த்துட்டு, இனி ஒண்ணும் பண்றதுக்கில்ல, மகனுக்குச் சொல்லிட்டோம், மருமகளுக்கு லைன் கிடைக்கல, பக்கத்துல இருன்னுட்டுக் கீழ போயிட்டாங்க. வேலை போனாப் போகுதுன்னு கட்டையைத் தூக்கி வெளிய போட்டுட்டுச் சாத்தினேன்."

"அப்புறம்?"

"சாத்தின சத்தம் கேட்டதும் கட்டில் கம்பியில ரெண்டு தட்டு தட்டினாரு. அதோட மூச்சு அமைதியாயிடுச்சு. கொஞ்ச நேரத்துல..."

"எந்தக் கையால?"

"இந்தக் கையாலதான்."

வலது கை. தோள் இறங்கிய கை. ஒரு வாரமாக ஸ்பூனைக்கூடப் பிடிக்காத கை. ஒருவேளை மணிக்கட்டை மட்டும் அசைத்திருக்கலாம். ஒருவேளை வலியில் துடித்த கை கம்பியில் பட்டிருக்கலாம். ஒருவேளை எதுவுமே நடக்காமல், மாட்டிக்கொண்ட ஒருத்தி நல்ல கதையாக ஒன்றைச் சொல்லலாம். வேலை கேட்டு வருகிறவர்கள் இதைவிட உருக்கமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். உள்ளே நடந்ததைப் பார்க்கத்தானே கதவைத் திறந்துவைக்கச் சொன்னாள்? சாத்திய கதவுக்குப் பின்னால் நடந்ததை இனி யாரிடம் போன் போட்டுக் கேட்பது?

நர்ஸ் ஓடிவந்தாள். கீழே ஒரு அம்மாள் குளியலறையில் விழுந்துவிட்டாராம், வேலையில் இருந்த இன்னொரு ஆளும் அங்கேதான் நின்றாராம். நாடியைப் பார்த்தாள், கண்ணை விளக்கடித்துப் பார்த்தாள், பஞ்சால் வாயோரம் துடைத்தாள். "நெஞ்சுச் சளி. டாக்டர் போன வாரமே சொன்னதுதானே மேடம். கஷ்டப்படாமத்தான் போயிருக்காரு, முகத்தைப் பாருங்க," என்றாள். இவள் பார்த்தாள். முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. உயிரோடு இருந்தபோதும் படித்ததில்லை.

நர்சுக்குப் பின்னாலேயே மேனேஜர் வந்தார். துக்கம் விசாரிக்க வந்தவரின் முகத்தில் துக்கத்தைவிட பயம்தான் கூடுதலாக இருந்தது. பாவம், அவரும் போனமுறை வாங்கிக் கட்டிக்கொண்டதை மறந்திருக்கமாட்டார். இரண்டு கைகளையும் பிசைந்துகொண்டு, நல்ல மனுஷன், யாரையும் நோகப் பேசமாட்டார் என்றெல்லாம் சொல்லிவிட்டு, அவளை ஜன்னலோரம் அழைத்தார்.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாது. ஆனா கேக்காம இருக்க முடியாது மேடம். இன்னிக்கு ரெண்டு பேர் வேலைக்கு வரல. அதுக்காக நான் சாக்கு சொல்லல. நீங்க வரும்போது கதவு திறந்திருந்துச்சா?"

அவள் திரும்பிக் கதவைப் பார்த்தாள்.

"கட்டை வெளிய கிடக்குது. அதான் கேட்டேன். சாத்தியிருந்துதுன்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, இந்தப் பொண்ணை இன்னிக்கே அனுப்பிடறேன். நீங்க புகார், கிகார்னு எங்கயும் அலைய வேண்டாம்."

புதுசு அறையின் மறுகோடியில் போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த போர்வையைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

ஒரு வார்த்தை போதும். அது உண்மையான வார்த்தை வேறு. கடையில் இவளுக்குக் கீழே வேலை பார்க்கும் யாராவது இதே இடத்தில் தயங்கியிருந்தால், "இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்று வறுத்தெடுத்திருப்பாள். விதி சரியான விதி. இன்றைக்கும் அவள் அதை விட்டுக்கொடுக்கத் தயாரில்லை. ஆனால் எத்தனை நாள் அந்தக் கண்கள் கட்டையைப் பார்த்துக் கெஞ்சியிருக்கின்றன! இவள் சிரித்துக்கொண்டே சமாளித்திருக்கிறாள். விதி காத்தது யாரை, வதைத்தது யாரை என்று இப்போது அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"நான்தான் சாத்தினேன்," என்றாள்.

"நீங்களா?"

"நான் வந்தப்ப உயிர் இருந்துச்சு. கதவைக் காட்டிக்கிட்டே இருந்தாரு. கட்டையை எடுத்துட்டுச் சாத்தினேன். ஏன், நான் சாத்தக் கூடாதா?"

"ஐயோ, தாராளமா மேடம்," என்றார் மேனேஜர். புயலுக்குக் குடை பிடித்து வந்தவர், தூறல்கூட இல்லாததில் குழம்பிப்போய் நின்றார். பிறகு வண்டிக்குச் சொல்கிறேன் என்று நர்சையும் அழைத்துக்கொண்டு போனார். போகும்போது, பழக்கதோஷத்தில், கட்டையை எடுத்துக் கதவுக்கடியில் செருகிவிட்டுப் போனார்.

நல்ல காரியம் செய்த நிறைவு அவளுக்கு இம்மியும் இல்லை. ஏதோ ஒன்றை இடம் மாற்றி வைத்துவிட்டு, எங்கே வைத்தோம் என்று மறந்துவிட்டது போலிருந்தது.

"ஏங்க்கா அப்படிச் சொன்னீங்க?" என்றாள் புதுசு தணிந்த குரலில்.

"தெரியல."

"நான் சொன்னது நெஜம்க்கா."

"அதுவும் எனக்குத் தெரியல," என்றாள். பிறகு, வேலைக்கு வந்தவர்களிடம் கேட்ட கேள்வியையே திருப்பிக் கேட்டுப் பார்க்கும் பழக்கத்தில், "எத்தனை தடவை தட்டினாரு?" என்றாள்.

"ரெண்டு."

இரண்டு பேரும் சேர்ந்து மாமனாரைத் துடைத்துச் சட்டை மாற்றினார்கள். அடுக்கிவைத்த அலமாரியிலிருந்து இவளே ஒரு சட்டையை எடுத்தாள். வலது கையை நுழைக்கும்போது புதுசு ஒரு கையால் தோளைத் தாங்கிக்கொண்டு, வலிக்குமோ என்பது போல மெதுவாக இழுத்தாள். இனி வலிக்காது என்று சொல்ல இவள் வாயெடுத்தாள். சொல்லவில்லை. பொத்தான்களை மேலிருந்து கீழே போட்டுக்கொண்டு வந்தாள். அப்போதுதான் அழுகை வந்தது. அதுவும் எதற்கென்று தெரியாமல் வந்தது.

கணவன் வெயில் தாழ்வதற்குள் வந்து சேர்ந்தான். வெளியூர் வேலை, செய்தி போனதும் கிடைத்த பேருந்தில் ஏறியிருக்கிறான். அப்பாவின் காலடியில் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு இவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மேனேஜர் சொன்னாரு. நீ பக்கத்துல இருந்தியாமே. எனக்கு வழியெல்லாம் அதே நெனப்பு. யாரோ ஒருத்தி கையில விட்டுட்டோமே, யாரோ எவரோன்னு. நல்ல வேளை, நீயாவது இருந்தியே."

அந்த 'யாரோ ஒருத்தி' துவைக்கப் போட வேண்டிய துணிகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். இவள் வாயைத் திறந்தாள். கணவன் அவள் கையை இன்னும் விடவில்லை. இப்போது உண்மையைச் சொன்னால் அவன் பிடித்துக்கொள்ள வேறு எதைக் கொடுப்பது?

"கடைசியா ஏதாவது சொன்னாரா?"

இவள் வாசலைப் பார்த்தாள். புதுசு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கதவைச் சாத்தணும்னாரு," என்றாள். "சாத்தினதும் கம்பியில ரெண்டு தட்டு தட்டினாரு. அப்புறம் அமைதியாயிட்டாரு."

அவன் முதலில் சிரித்தான். அந்தச் சிரிப்பு பாதியிலேயே உடைந்தது. "பள்ளிக்கூடம் விட்டு அவர் பஸ்ஸுக்குத்தான் ஓடி வருவேன். எவ்வளவு லேட்டானாலும், டிரைவர் திட்டினாலும், நான் ஏறாமத் தட்டவே மாட்டாரு," என்றான். "இன்னிக்கு நான் வர்றதுக்குள்ள தட்டிட்டாரே."

நடந்ததா என்று தனக்கே தெரியாத ஒன்று இனி இந்தக் குடும்பத்தில் நடந்ததாகவே இருக்கும் என்று அவளுக்குப் புரிந்தது. புதுசு துணிகளோடு விலகிப் போனாள்.

வண்டி வந்தது. மாமனாரை மாடியிலிருந்து இறக்கி வண்டிக்குள் வைத்தார்கள். கணவன் அவர் தலைமாட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டான். அறையைக் காலி செய்துகொண்டு இவள் பின்னால் வருவதாக ஏற்பாடு. பின்கதவு சரியாகப் பொருந்தாமல் இருமுறை முரண்டு பிடித்தது. மூன்றாம் முறை ஓங்கிச் சாத்தினார்கள்.

டிரைவர் கண்ணாடியில் பார்த்தபடி காத்திருந்தான். மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நர்ஸ் நின்றாள். துணியைப் போட்டுவிட்டு வந்த புதுசு, அடுத்த அறைக்கு எடுத்துப் போகிற கட்டையைக் கையில் பிடித்தபடி வாசற்படியில் நின்றாள். போகலாம் என்று சொல்ல வேண்டியது யார் என்று யாருக்கும் தெரியவில்லை. இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

இவள் வண்டியருகே போனாள். பகலெல்லாம் வெயிலில் நின்ற தகரம் உள்ளங்கையைச் சுட்டது. இரண்டு தட்டு தட்டினாள்.