பதினாலாவது பட்டை

என் வீட்டுக்காரர் பரந்தாமனுக்கு ஆவடி டாங்கி ஃபேக்டரியில் பரிசோதகர் வேலை. குற்றம் கண்டுபிடிக்கவே சம்பளம் வாங்குகிற மனுஷன். எண்பத்தேழில், என் அப்பாவின் மாரிஸ் மைனர் காரை அவர் கையில் ஒப்படைத்த புத்திசாலி நான்தான்.

அப்பா போன பிறகு கார் எங்கள் ஊர் நூம்பலில், மாட்டுக்கொட்டகையில் மூன்று மழைக்காலம் நின்றது. இன்ஜின் ஓடியது. பின்சக்கரத்தைத் தாங்கும் வில் பட்டைகள்தான் துருவேறிக் கிடந்தன.

"ஓட்றப்ப பட்டை ஒட்ஞ்சா இன்னாக்கா பண்ணுவ? இரும்புக் கடைல போட்ரலாம்," என்றான் தம்பி நாகப்பன். என் வீட்டுக்காரர் சோதித்து எல்லாப் பட்டையும் தேறினால் கார் எனக்கு, ஒன்று போனாலும் திங்கட்கிழமை இரும்புக் கடை என்று முடிவானது. அந்த வண்டியில் உட்கார்ந்தால் அப்பா பக்கத்தில் இருப்பதாகவே தோன்றும் எனக்கு. எடைக்குப் போட மனசு வருமா?

ஞாயிறு காலை குவார்ட்டர்ஸ் வாசலில் பதினாலு பட்டைகளையும் கழற்றிப் பரப்பினார். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்தார். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துடைத்து, என் கோலமாவை எடுத்துத் தூவினார். விரிசல் இருந்தால் உள்ளே தங்கிய எண்ணெய் கசிந்து, மாவில் கோடாகத் தெரியுமாம். நான் ஒவ்வொன்றையும் குனிந்து குனிந்து பார்த்தேன். பதிமூன்று தேறிவிட்டன.

பதினாலாவதில் மெல்லிய கறுப்புக் கோடு. அவர் சாக்கட்டியால் பெருக்கல் குறி போட்டார். அந்தக் குறியைப் போட்டுவிட்டால் பிரம்மாவே வந்தாலும் மாற்ற மாட்டார்.

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. "இன்னாங்க இது? பொண்டாட்டியோட அப்பன் வண்டியாச்சேன்னு ஒரு எரக்கம் வேணாம்?"

"எரக்கப்பட்டா பட்டை தாங்குமா? அதுல உக்காந்து போகப்போறது நீதானே?"

முந்தானையால் அந்தக் கோட்டை அழுத்தித் துடைத்தேன். கோடு நகர்ந்தது. இழுத்தால் விரலோடு நீளமாக வந்தது. தலைக்குக் குளித்துவிட்டுக் கூந்தலை முடியாமலே நின்றிருக்கிறேன்; உதிர்ந்தது என் தலைமுடி!

நான் சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டு வேம்புலியம்மாள் ஓடி வந்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. என் தலையில் துண்டு கட்டவைத்து, பத்தடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அதே பட்டையை மறுபடி சோதித்தார். ஒருமுறை இல்லை, மூன்று முறை. மூன்று முறையும் மாவு வெள்ளையாகவே இருந்தது.

பெருக்கல் குறியைத் தன் வேட்டி நுனியாலேயே அழித்தார். "தப்பு என்னோடதுதான் வனஜா. உன் தம்பிகிட்ட நானே சொல்லிடறேன், வண்டி உனக்குத்தான்."

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில், தப்பு தன்னுடையது என்று அவர் சொன்னது அன்றைக்குத்தான். காருக்காக அதிகம் சந்தோஷப்பட்டேனா, அந்த வார்த்தைக்காகவா என்று கேட்டால் இன்றைக்கும் சொல்ல மாட்டேன்.