ஐந்து நாள் உப்பு

"போடாதக்கா!"

தம்பி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். ஸ்பூனில் இருந்த உப்பு பாதி தரையில் சிந்தியது. சமையல் உப்பல்ல, தொட்டித் தண்ணீரில் கலக்க வளர்ப்பு மீன் கடையில் டப்பாவில் விற்கும் மினரல் உப்பு.

கூடத்துக் கட்டிலில் அப்பா கண்ணை மூடியிருந்தார். இன்றோ நாளையோ என்று டாக்டர் காலையில்தான் சொல்லிவிட்டுப் போனார். கட்டிலுக்கு எதிரே அவருடைய நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி. எந்நேரமும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு திரியும் மஞ்சள் சிக்லிட் மீன்கள் ஒன்பதும் இரண்டு நாளாக ஒரே மூலையில் ஒண்டிக்கிடந்து, செவுளை வேகவேகமாக அடித்துக்கொண்டிருந்தன.

"மெதுவாப் பேசு," என்றாள். "அப்பா கண்ணைத் தொறக்கறப்போ ஒண்ணு செத்து மிதந்தா? அதைப் பாத்துட்டா அவர் போகணும்?"

"அதுக்காக உப்பைக் கொட்டுவியா? நம்ம குழாய்த் தண்ணியே உப்புத் தண்ணி. பாத்திரத்துல எவ்வளவு வெள்ளையாப் படியுது! இந்த மீனுக்கு அதுவே போதும். மேல மேல போட்டா மொத்தமும் போயிடும்."

தம்பி குழாய் வேலை செய்பவன். தண்ணீர் விஷயத்தில் வேறு யாரையும் வாய் திறக்க விடமாட்டான். அப்பா படுத்த படுக்கையானதும் அவர் போட்டுவந்த உப்பை நிறுத்தச் சொன்னவனும் அவன்தான். அவன் சொன்னதில் தப்பே இல்லை; தப்பு அவளுடையது.

"நான் குழாய்த் தண்ணி ஊத்தலடா."

"பின்ன?"

"கிச்சன் ஃபில்டர் தண்ணி. சுத்தமா இருக்கட்டுமேன்னு."

அவன் பிடி தானாகத் தளர்ந்தது. "எத்தனை நாளா?"

"அஞ்சு வாரமா."

"படிச்சவதானே நீ? ஃபில்டர் தண்ணியில ஒரு சத்தும் இருக்காதுக்கா. அதுல உப்பும் போடலன்னா இதுங்க எப்படித் தாங்கும்?"

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நூலாக ஒழுகும் அந்த ஃபில்டர் குழாயில் வாரம் மூன்று வாளி பிடித்து, இடுப்பொடியத் தூக்கி வந்து ஊற்றியவள். நல்லது செய்வதாக நினைத்து அப்பாவின் மீன்களைச் சாகடிக்கப் பார்த்திருக்கிறாள்.

"அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதடா."

"எதைச் சொல்லக் கூடாது?"

கட்டிலிலிருந்து வந்தது குரல். தம்பி அவளைப் பார்த்தான். அவளே பக்கத்தில் போய் நின்றாள்.

"ஃபில்டர் தண்ணியை ஊத்திட்டேன்ப்பா. உப்பும் போடல. என்னாலதான் மீனெல்லாம்..."

"தெரியும்."

"தெரியுமா?"

"ஃபில்டர் குழாய் ஒழுகற சத்தமே வேறம்மா. மொத நாளே தெரியும்." பேசி முடிப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது.

"அப்புறம் ஏம்ப்பா சொல்லல?" தம்பிக்குக் கோபமே வந்துவிட்டது. "இந்த மீனுக்காக எங்களோட எத்தனை சண்டை போட்டிருக்கீங்க!"

அப்பா அவளைத்தான் பார்த்தார். "ஒரு வாளி நிறைய முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் நீ இங்க வந்து உக்காந்திருப்பே. பாத்ரூம் குழாய்ல பிடின்னு சொன்னா ரெண்டே நிமிஷம்."

மற்ற நாளெல்லாம் மாத்திரையை அவர் கையில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டே பேசுகிறவள் அவள். 

"எவ்வளவு போடணும்ப்பா?" தம்பிதான் கேட்டான்.

"ஒரேயடியாப் போடாதே. தினம் ஒரு வாளி குழாய்த் தண்ணியில அரை ஸ்பூன் கரைச்சு ஊத்து. அஞ்சு நாள்ல பழையபடி துரத்த ஆரம்பிச்சிடும்."

ஐந்து நாள் என்றதற்கு இருவரும் தலையாட்டினார்கள்.

முதல் வாளியைத் தம்பி கரைத்து ஊற்றினான். பிற்பகல் நாலு மணிக்கு, தொட்டியைப் பார்த்துப் படுத்தபடியே அப்பா போய்ச் சேர்ந்தார். மீன் ஒன்றும் சாகவில்லை.

மறுநாள் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கிளம்பிப் போனார்கள். கட்டிலில் மெத்தையை யாரோ சுருட்டி வைத்திருந்தார்கள். அவள் பாத்ரூம் குழாயின் கீழ் வாளியை வைத்துத் திறந்துவிட்டு வந்து, கட்டிலோரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வாளி நிரம்பி வழிகிற சத்தம் கூடம் வரை கேட்டது. அவள் எழுந்திருக்கவில்லை. தம்பி போய்க் குழாயை மூடிவிட்டு வந்து, கட்டிலின் மறுபக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.