வில்லை மாட்டாமல் இறங்கியவன்

1
இந்தக் கதை வண்டிப்பெரியார் டீக்கடையில் கிடைத்தது. கப்பற்படையிலிருந்து லீவில் வந்த சின்னமுத்து, குமுளி பஸ் வரும்வரை சொன்னது. அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலை நான் கண்ணால் பார்த்ததில்லை.

(ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தில் நம்மிடம் அப்படிக் கப்பல் ஏது என்பீர்கள். வெளிநாட்டில் பயிற்சி என்றான். எந்த நாடு என்று சொல்லவில்லை. நானும் எழுதவில்லை.)

2
முதல் தொடக்கம்: "ஆழ்கடலின் கருநீல மௌனத்தில் அந்த இரும்புத் திமிங்கலம்..."

அடித்துவிட்டேன். தேயிலைக் கொழுந்துக் கூடை சுமந்த வீட்டில் வளர்ந்த எனக்கு இது எதற்கு? உள்ளது இவ்வளவுதான். அணு உலையின் சூடு தண்ணீரை ஆவியாக்கும், ஆவி டர்பைனைச் சுற்றும். எஸ்டேட் பாக்டரி பாய்லர்தான். விறகும் காற்றும் வேண்டாத பாய்லர். அதனால் இரண்டு மாதம் மேலே வராமல் கிடக்கலாம். உள்ளே இருப்பவனும் கிடக்க வேண்டும்.

3
உலைப்பக்கம் போகிறவன் மார்பில் ஒரு வில்லை குத்தவேண்டும். அதற்குள் இருக்கும் ஃபிலிம் கதிர் பட்டால் கருக்கும். அளவு மீறினால் ஆளை அந்த வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். காப்பாற்றத்தான். ஆனால் எஸ்டேட்டில் கங்காணி பாதி வேலையில் வெளியே அனுப்பினால் அது பேர்வெட்டு. அன்று அவன் வேலைக்கே வராதவன், கூலி கிடையாது. சின்னமுத்து அப்படித்தான் எடுத்துக்கொண்டான். வில்லையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு இறங்கினான். ஏழு மாதம்.

4
அவன் மனைவி சாந்தம்மாளை ஒரு பக்கம் முழுக்க அழவைத்து எழுதினேன். கிழித்தேன். அவள் அழவில்லை. வழியனுப்ப வந்தவள் டீக்கடையிலேயே அவனிடம் கேட்டது இது:

"பேர வெட்டிருவாகன்னு கழத்தி வச்சீகளாக்கும். கப்பல்லயும் கங்காணி உண்டா?"

"சிரிக்காத புள்ள."

"யாரு சிரிச்சா? ஒடம்புல எவ்வளவு ஏறிருக்கு?"

"யாருக்குத் தெரியும். ஃபிலிம்ல ஒண்ணுமில்ல."

"ஆபீசர்ட்டச் சொல்லுங்க. ரத்தத்தப் பாக்கட்டும்."

"சொன்னா எறக்கிருவாக. பெறகு இங்க வந்து பாய்லருக்கு வெறகுதான் தள்ளணும்."

"தள்ளுங்க. எங்கய்யா தள்ளல?"

குமுளி பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டான். மறுபடியும் இறங்கப்போகிறான், வில்லை இல்லாமல்.

5
ஒரு முடிவு: அதிகாரிக்குத் தெரிகிறது, ஊர் திரும்புகிறான், பிழைக்கிறான். சாந்தம்மாளோடு பேசுவதில்லை.

இன்னொரு முடிவு: யாருக்கும் தெரியவில்லை. மூன்று வருடம் கழித்து அவன்...

கை ஓடவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சாந்தம்மாளுக்கு எழுதத் தெரியாது. அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதித் தரச்சொல்லி, காலையிலிருந்து எதிரே உட்கார்ந்திருக்கிறாள். எழுதினால் அவன் வேலை என் கையால் போகும். உறையில் விலாசம் எழுதியாயிற்று. தாளை எடுத்தேன், இந்தக் கதைதான் வந்தது. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

"அண்ணே," என்கிறாள். "இம்புட்டு நேரம் எழுதுனீகளே, அதுல ஆபீசருக்கு எத்தன வரி?"