குணவதி சொன்ன கருத்து

திரையில் இரண்டு ஆங்கிலேயப் பெண்கள் சாப்பாட்டு மேசைக்கு இரு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். அந்தத் தொடரை எழுதியதும் நடித்ததும் அவர்கள்தான். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சின்னச் சின்ன வேடிக்கைக் காட்சிகள் கொண்ட பிரிட்டிஷ் தொடர் அது. இந்தக் காட்சியில் ஒருத்தி தாய், மற்றவள் விருந்தாளி. காணாமல் போன மகனுக்கென்று தாய் ஒரு தட்டில் உருளைக்கிழங்கு பரிமாறி வைக்கிறாள். வாசல் மணி அடிக்கிறது. ஓடிப்போய்த் திறந்தால் தபால்காரர். மறுபடி மணி, இந்தத் தடவை பக்கத்து வீட்டு நாய். அவள் திரும்பி வரும்போதெல்லாம் தட்டில் ஒரு கிழங்கு குறைந்திருக்கிறது, விருந்தாளியின் கன்னம் உப்பியிருக்கிறது. அறையிலிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஆக்லாந்து நகர மையத்தில், தொலைக்காட்சி நிறுவனங்களுக்காகப் பார்வையாளர்களின் கருத்தைத் திரட்டும் ஒரு கம்பெனியில் கம்சாயினிக்கு வேலை. ஆட்களை அழைத்து உட்காரவைத்து, படத்தைப் போட்டு, என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டு, பதிலை வீடியோவில் பதிவுசெய்ய வேண்டும். இந்தத் தடவை குடியேறியவர்களும் வேண்டும் என்று மேலாளர் சொன்னதால், கோயிலில் பார்த்துப் பழகிய குணவதியைக் கூப்பிட்டிருந்தாள். ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை, தனியாக இருக்கிறார் என்பதைத் தவிர அவரைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது.

ஓய்வுபெற்ற தச்சர் ஒருவர், பெண்கள் செய்யும் நகைச்சுவைக்குத் தனக்குப் பொதுவாகச் சிரிப்பு வராது என்றும், இதற்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை என்றும் சொன்னார். தமிழ்நாட்டிலிருந்து வந்து ஐடியில் இருக்கும் லக்ஷ்மிப்ரியா, நடிப்பு பிரமாதம், ஆனால் ஒரே ஜோக்கை நீட்டிவிட்டார்கள் என்றாள். குணவதி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இன்னும் திரையையே பார்த்திருந்தார்.

“அன்ரி, நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்? தமிழிலையே சொல்லுங்கோ” என்றாள் கம்சாயினி.

“நல்லாத்தான் செய்திருக்கினம், பிள்ளை. ஒண்டுதான் பிழை.”

“என்ன பிழை?”

“அவன் மணி அடிக்க மாட்டான். தன்ரை வீட்டுக்கு ஆராவது மணி அடிச்சுப்போட்டு வருவினமோ? பின்கதவாலை வந்து, சாப்பிட்டிட்டுப் போயிடுவான். நாங்கள்தான் வாசலைப் பார்த்துக்கொண்டு நிக்கிறது.”

கம்சாயினி ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போய், ‘நாங்கள்’ என்ற சொல்லில் வந்து தடுக்கி நின்றாள். அதற்குள் அறை வெடித்துச் சிரித்தது. தச்சர் கை தட்டினார். குணவதி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். தான் சொன்னதை எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள் என்று எண்ணியவரைப் போல மெல்லப் புன்னகைத்தார்.

லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது லக்ஷ்மிப்ரியா கம்சாயினியின் காதருகே குனிந்தாள். “அந்த அம்மா யாருங்க? செம டைமிங்.”

கம்சாயினியின் வீடு கிளென் ஈடனில்; குணவதி இருக்கும் ஒடாஹுஹு வேறு திசை. இருந்தும், ரயிலில் போக வேண்டாம், நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று காரில் ஏற்றிக்கொண்டாள். நெடுஞ்சாலையில் வெயிலுக்குக் கண் கூசியது.

“அன்ரி, உங்களுக்கு மகன் இருக்கிறாரோ?”

“ஓம். யசீகரன். கடைசிச் சண்டை முடிய, முகாம் வாசலிலை வைச்சு ஆமிக்காரர் பிரிச்சுக்கொண்டு போனவை. பிறகு தேடாத இடமில்லை.” கைப்பையை மடியில் நேராக்கி வைத்தார். “நான் இஞ்சை வந்தாப் பிறகு அவனே வந்திட்டான்.”

பஸ் வந்துவிட்டது என்று சொல்வதைப் போலச் சொன்னார். கம்சாயினி காரை மெதுவான தடத்துக்கு மாற்றினாள்.

“ஆரிட்டையாவது இதைச் சொன்னீங்களோ?”

“டொக்டரிட்டைச் சொன்னனான். குளிசை தந்தவர். குளிசை போட்ட கிழமை அவன் வரேல்லை. பிறகு நான் அதை விட்டிட்டன்.”

வீடு ஒரு குறுகிய சந்தின் கடைசியில் இருந்தது. வாசலோடு திரும்பிவிடலாம் என்றுதான் கம்சாயினி நினைத்தாள். ஆனால் குணவதி கதவைத் திறந்து, உள்ளே பார்த்து, “தம்பி, ஒரு பிள்ளை வந்திருக்கு” என்று சொன்ன பிறகு அவளால் திரும்ப முடியவில்லை. அந்த மனுசியை இந்த வீட்டுக்குள் தனியே விட்டுப் போவது ஒரு பயம். தனியே இல்லையோ என்று நினைப்பது இன்னொரு பயம்.

சமையலறை மேசையில் ஒரு சாப்பாட்டுத் தட்டு இருந்தது. சோறும் சொதியும் கையால் குழைத்து, பாதி சாப்பிட்டபடி கிடந்தது. கறிவேப்பிலைகள் விளிம்பில் ஒதுக்கப்பட்டிருந்தன. குணவதியின் முகம் மலர்ந்தது.

“பார், இண்டைக்குக் கொஞ்சம் கூடச் சாப்பிட்டிருக்கிறான்.”

காலையில் புறப்படுகிற அவசரத்தில் அவரே சாப்பிட்டுவிட்டு மறந்திருப்பார். வேறு என்ன இருக்க முடியும்? கம்சாயினி அதைத் தனக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். தட்டில் சொதி இன்னும் காயவில்லை. உள்ளறைக் கதவு பாதி சாத்தியிருந்தது. குணவதி அவளுக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, சோறு போட அகப்பையை எடுத்தார்.

“வேண்டாம் அன்ரி, நேரம் போச்சு.”

“பயப்பிடாதை பிள்ளை. ஒண்டும் செய்யமாட்டான். ஆக்கள் வந்தால் அவனுக்கு வெக்கம், அவ்வளவுதான்.”

பையிலிருந்த போன் அதிர்ந்தது. மேலாளர். அந்தத் தமிழ் அம்மா அருமை, அடுத்த கூட்டத்துக்கும் கட்டாயம் அழைத்து வா, தொலைக்காட்சிக்காரர்களுக்கு அவர் சொன்னதைத்தான் முதலில் போட்டுக் காட்டப்போகிறோம் என்று எழுதியிருந்தார். கம்சாயினி நின்றபடியே, அந்தப் பதிவைத் தயவுசெய்து நீக்கிவிடுங்கள், நாளை நேரில் விளக்குகிறேன் என்று பதில் அனுப்பினாள். அனுப்பிய பிறகு, நாளைக்கு என்ன விளக்கப்போகிறோம் என்று யோசித்தாள். போனைப் பைக்குள் போட்டாள். “நான் ஞாயிற்றுக்கிழமை வாறன், அன்ரி” என்றாள். அது பொய்யில்லை என்பது சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

காரைத் திருப்ப இடமில்லாமல் பின்பக்கமாக எடுத்தபோது வேலிக்கு மேலாக முற்றம் தெரிந்தது. வெயிலில் கொடியில் குணவதியின் உடுப்புகள் மொடமொடவென்று காய்ந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. கடைசியில், தனியாக, ஒரு ஆம்பிளைச் சட்டை. அது மட்டும் காற்றில் அசையாமல் கனத்துத் தொங்கியது. இரண்டு கைகளின் நுனியிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே புல் கறுத்து நனைந்திருந்தது.