முதலில் மூடி

"ஊதாதீங்க. ஈயம் தானா ஆறணும்" என்றாள் கட்டிலில் கிடந்த மனைவி.

தையற்காரர் உப்பிய கன்னத்தை அப்படியே நிறுத்தினார். ஆயுசு முழுக்க ஊசியில் நூல் கோத்த கை, இன்று ஈயத்தை உருக்கி ஒட்டும் ஒரு சால்டரிங் கம்பியைப் பிடிக்கத் தெரியாமல் தடுமாறியது.

மனைவிக்குத் தொலைபேசி நிலையத்தில் வேலை. காதுதான் அவளுக்குச் சோறு போட்டது. வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பாட்டுப் பெட்டியை ஒலிபெருக்கியோடு இணைக்கும் ஒயரை, இடதுக்கு ஒன்று வலதுக்கு ஒன்று என்று தானே செய்வாள். செய்வாள், கேட்பாள், திருப்தியில்லாமல் பிரித்து மறுபடி செய்வாள். "எல்லாக் கம்பியிலயும் ஒரே பாட்டுதானேடி வருது?" என்று தையல் மெஷினை ஓட்டிக்கொண்டே அவர் கேலி செய்வார். "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்று அவளும் விட்டுக்கொடுக்க மாட்டாள். நல்ல ஜோடிதான் போங்கள்!

இனி வீட்டிலேயே இருக்கட்டும் என்று மருத்துவர் அனுப்பிவிட்ட பிறகு, மகன் பாட்டுப் பெட்டியை அவள் அறைக்குத் தூக்கி வந்தான். அவசரத்தில் அவள் செய்த ஒயரை இழுத்து அறுத்துவிட்டான். கடையில் ஒன்று வாங்கி மாட்டினான். பாட்டுக்கு அடியில் வண்டு புகுந்தாற்போல் ஓர் இரைச்சல். "அணைச்சிடுப்பா" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்புறம் எதையும் கேட்கவில்லை, தண்ணீரைக்கூட. கடைசியாக இந்த இரைச்சலைக் கேட்டுவிட்டா இவள் போக வேண்டும் என்று தையற்காரருக்குப் பொறுக்கவில்லை. காலையில் அந்தச் சாப்பாட்டு மேசையைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"உள்கம்பி பிளக்கோட நடு முனையில. மேல பின்னியிருக்கே செம்பு வலை, அது ஓரத்துல. ஒண்ணோட ஒண்ணு ஒட்டக் கூடாது" என்று மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள். இரண்டு விரலைச் சுட்டுக்கொண்டு, இரு முனையிலும் பிளக்கை ஒட்டி முடித்தார். பெருமை தாங்கவில்லை.

"எப்படி?"

"அழகு. மூடி எங்க?"

பிளக்குகளின் மூடிகள் இரண்டும் மேசையில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. ஒட்டுவதற்கு முன்பே ஒயரில் கோத்திருக்க வேண்டும். இனி எந்தப் பக்கமும் நுழையாது.

"அடிப்பாவி! பார்த்துக்கிட்டேவா இருந்த?"

"கழுத்து வைக்காம சட்டை தச்சிட்டீங்களே, டெய்லரே!" சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, அது அடங்க வெகுநேரம் பிடித்தது.

"முதல்லயே சொன்னா என்னவாம்?"

"சொன்னா மனசுல நிக்காது. எல்லாரும் ஒரு தடவ மறப்பாங்க. அப்புறம் ஆயுசுக்கும் மறக்காது."

முணுமுணுத்துக்கொண்டே ஒரு முனையைப் பிரித்து, மூடிகளைக் கோத்து, மறுபடி ஒட்டினார்.

"இடது பக்கத்துக்குத்தான் ஆச்சு. வலதுக்கு இன்னொண்ணு செய்யணுமே."

"அது நாளைக்கு. இத மாட்டுங்க."

கடை ஒயரைக் கழற்றிவிட்டு இதை மாட்டிப் பெட்டியைப் போட்டார். சத்தமே இல்லை.

"போச்சு, கெடுத்துட்டேன்!"

"உஷ். ஓடிக்கிட்டுதான் இருக்கு. கேளுங்க."

கேட்டார். வண்டு இல்லை. இரைச்சல் இல்லை. இப்படியோர் அமைதி இந்த வீட்டில் இருந்ததாகவே அவருக்குத் தெரியாது. அதற்குள் யாரோ நின்றிருந்தார்கள். உதடு பிரியும் சின்னச் சத்தம் வந்தது. பிறகு, பாட வந்தவள் மூச்சை இழுத்தாள், கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவில் நின்று இழுத்தாற்போல. தையற்காரருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எத்தனையோ தடவை இந்த வீட்டில் ஒலித்த பாட்டு. இந்த மூச்சை ஒருநாளும் அவர் கேட்டதில்லை. தன் மெஷின் கடகடத்த காலமெல்லாம் பக்கத்து நாற்காலியில் இவள் இதையா கேட்டுக்கொண்டிருந்தாள்!

"அம்மாடி" என்றார்.

"கழுதைக்கு வாசனை தெரிஞ்சிடுச்சு" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டுக்கு முன்னால் அதே அமைதி வந்தது. அதில் தன் மூச்சு மட்டும்தான் அவருக்குக் கேட்டது. பெட்டியை அணைக்காமல், பாட்டுகள் தீரும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகுதான் மகனைக் கூப்பிட்டார்.

அடக்கம் முடிந்து, வந்தவர்களெல்லாம் போன பிறகு மகன் கேட்டான்: "அப்பா, மேசைய எடுத்து வச்சிடவா?"

"இருக்கட்டும்டா. வலது பக்கம் பாக்கி இருக்கு."

உட்கார்ந்து ஒயரை அளந்து வெட்டினார். சால்டரிங் கம்பியைத் தொடவில்லை. முதலில் மூடிகள் இரண்டையும் எடுத்துக் கோத்தார். கழன்று விழாமலிருக்கத் தையல் நூலால் ஒரு முடிச்சும் போட்டார்.