இணைச்சீர்க்காரியின் ஹூலா

என் தம்பி கிருபாசங்கரின் கல்யாணத்தில் இணைச்சீர் செய்ய வேண்டியவள் நான். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் அவனுக்குச் செய்யும் சீர் அது; அவனுக்குக் கூடப்பிறந்தவள் நான் ஒருத்திதானே. ஆனால் என் வீட்டுக்காரர் நாலு வருஷத்துக்கு முன் தறிக்கொட்டகையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர், எழுந்திருக்கவே இல்லை. தாலி இல்லாதவள் கூறைச்சேலையின் முனையைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை பக்கத்தில் எப்படி நிற்பது? சோமனூரில் எங்கள் சனம் இதை வாய்விட்டுக் கேட்கவில்லை. என்னைக் கண்டதும் பேச்சை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

தம்பிதான் ஒரு வழி சொன்னான். கல்யாணத்துக்கு முந்தின நாள் பெண் வீட்டார் தொண்டாமுத்தூர்த் தோப்பில் பார்ட்டி வைக்கிறார்கள். ஹவாய் தீவு மாதிரி அலங்காரம், ஹூலா நடனம். மாப்பிள்ளை வீட்டிலிருந்தும் ஆட வேண்டுமாம்.

"நீயும் ஆடுக்கா. நாலு பேரு உன்னையப் பூவும் பொட்டுமா பாத்துட்டாங்கன்னா, காலைல இணைச்சீருக்கு நிக்கறப்ப ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அம்மா ராசாத்தாளும் தலையாட்டினாள். "ஆடு கண்ணு. நீயேதான் இணைச்சீர்க்காரி. எல்லார்த்துகிட்டயும் நாஞ் சொல்லிப்போடறேன்."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் ஒத்துக்கொண்டேன். ஆசை யாரை விட்டது?

ஆட்டம் சொல்லித்தர யஷ்வந்த் என்றொரு மாஸ்டர் வந்தார். என் சித்தப்பா மகள் ரித்திகாவும் நானும் மொட்டை மாடியில் கற்றுக்கொண்டோம். முட்டியை லேசாக மடித்து, வலப்பக்கம் இரண்டடி, இடப்பக்கம் இரண்டடி. இடுப்பு தானாக அசைய வேண்டும். கைகள் அலையைக் காட்ட வேண்டும், தென்னையைக் காட்ட வேண்டும். எனக்கோ இடுப்பு அசைந்தால் கை நின்றுவிடும்.

"ஏனுங்க மேடம், மாவாட்டற மாதிரி சுத்தாதீங்க" என்றார் மாஸ்டர். ரித்திகா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். வீட்டுக்காரர் போன பிறகு அப்படிச் சிரித்ததே இல்லை. அப்புறம் பாத்திரம் கழுவும்போதுகூடக் கால் தானாக வலமும் இடமும் போய் வந்தது.

பார்ட்டியில் சேலைக்கு மேல் பச்சை ஓலைப் பாவாடை, கழுத்தில் பூமாலை, காதோரம் ஒரு பூ. கால் ஓரிடத்திலும் தவறவில்லை. பெண்ணின் தோழிகள் விசிலடித்தார்கள். தம்பி முன்னால் நின்று கைதட்டினான். வெட்கமே இல்லாமல் சந்தோஷமாக இருந்தேன்.

காலையில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனால், மாப்பிள்ளை அறையில் ரித்திகாவுக்கு நகை பூட்டிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவள் எழுந்துவிட்டாள். "எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க்கா. பெரியம்மாதான் வரச் சொன்னாங்க."

அம்மா என்னை ஓரமாக இழுத்தாள். "பொண்ணூட்டுக்காரங்க ஒரு மாதிரி பேசறாங்க அம்மணி. புருசன் இல்லாதவ நேத்து இடுப்பாட்டி ஆடிப்போட்டு, இன்னைக்குச் சீருக்கு வந்து நின்னா நல்லாவா இருக்கும்ங்கறாங்க."

"ஆடச் சொன்னதே நீங்கதானேம்மா?"

"சொன்னோம். நீ இத்தனை நல்லா ஆடுவேன்னு யாரு கண்டா?"

தம்பியைப் பார்த்தேன். வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"டேய், நீயாச்சும் சொல்லுடா" என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும்.

அவன் நிமிரவில்லை. "நேரமாச்சுக்கா. கீழ பந்தியக் கொஞ்சம் பாத்துக்கறயா?"

கீழே இறங்கினேன். மேலே மேளம் தொடங்கிவிட்டது. உப்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு இலை இலையாகப் போனேன். உட்கார்ந்திருந்த ஒரு பெண் பக்கத்திலிருந்தவளின் தோளைத் தொட்டாள்.

"நேத்து ஆடுச்சே, அது இந்தப் பொண்ணுதானுங்க."

"அப்படீங்களா! மாப்பிள்ளைக்கு என்ன வேணும்?"

"தெரியலீங்க. கூடப்பொறந்தவ மேல இணைச்சீருக்கு நிக்குதே."

அவளுடைய இலையிலும் உப்பு வைத்தேன்.